சுங்கை சிப்புட்டில் ஒரு மோட்டார்ஹோம் ஒன்றுகூடல்: பார்த்ததும் கேட்டதும்

உள்ளேயே படுத்து, சமைத்துத் தங்கக்கூடிய கேம்பர்வேன் வாங்கலாமா, பழைய வேனை மாற்றிக் கட்டலாமா என்று யோசிப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். முதலில் ஓர் ஒன்றுகூடலுக்குப் போய் வாருங்கள், அப்புறம் காசை எடுங்கள். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில் நடந்த ஒன்றுகூடலுக்கு நண்பர்களோடு போய் வந்ததிலிருந்து இதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகும் பழைய சாலையில் வந்து உள்ளே திரும்பினால் செம்பனைத் தோட்டத்தை ஒட்டி ஒரு திடல். ஹையேஸ், உர்வான் வேன்கள், பெரிய கோஸ்டர் சிற்றுந்து என்று வரிசையாக நின்றன. எங்களில் ஒருவரிடம்தான் வேன், மற்றவர்களுக்குக் கூடாரம். அனுபவப்பட்டவர்கள் திடலின் நடுவில் நிறுத்தியிருந்தார்கள். செம்பனை ஓரமாக நிறுத்தியவர்களுக்குச் சாயங்கால நிழல் கூரையிலிருந்த சோலார் தகட்டில் விழுந்தது. தகட்டில் ஒரு மூலை நிழலில் இருந்தாலே மின்சாரம் பாதிக்கு மேல் குறைந்துவிடலாம் என்று ஓர் அண்ணன் மீட்டரையே காட்டி விளக்கினார்.

அங்கே எல்லாரும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, கேட்டால் இருக்கையைத் தூக்கி வயரிங்கையும் காட்டுகிறார்கள். விற்பனைக் கடையில் இது நடக்காது. பேட்டரிதான் பெரிய பேச்சு. 12 வோல்ட், 200 ஆம்பியர்-மணி பேட்டரியில் கணக்குக்கு 2,400 வாட்-மணி இருக்கும், ஆனால் பழைய ஈய பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் சீக்கிரம் போய்விடும், லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்றால் 80 விழுக்காடு வரை தைரியமாக எடுக்கலாம். ஏர்கோன் 700 வாட் இழுத்தால் அந்த லித்தியமே மூன்று மணி நேரம்கூடத் தாங்காது. 30 வாட் காற்றாடியோ இரவு முழுக்க ஓடினாலும் 240 வாட்-மணிதான். அதனால் ஏர்கோனைக் கரண்ட் கிடைக்கும் இடத்தில் மட்டும் போடுகிறார்கள், இல்லையென்றால் குளிருக்குக் கேமரன் மலை ஏறிவிடுகிறார்கள். கழிவறைப் பெட்டியைத் தோட்டத்துச் சாக்கடையில் ஊற்றவே கூடாது என்று ஏற்பாட்டாளர்கள் கண்டிப்பாக இருந்தார்கள். அது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அந்தத் தண்ணீர் கீழே குடியிருப்பவர்களின் வீட்டுப் பக்கமாகத்தானே போகிறது.

மறுநாள் காலை பசியாறிக்கொண்டிருந்தபோது ஒரு பாட்டி பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்தக் காலத்தில் தோட்டத்தில் பால்மரம் (ரப்பர் மரம்) சீவியவர். வேனுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "இது சொந்தமா தம்பி, இல்ல கம்பெனி குடுத்ததா?" என்று கேட்டார். "சொந்தம்தான் பாட்டி, மாசாமாசம் கட்டுறேன்" என்றார் நண்பர். பாட்டி படியில் உட்கார்ந்துவிட்டார். பிள்ளைகளெல்லாம் பிறந்து வளர்ந்த லயத்து வீடு, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு, வேலை முடிந்ததும் தோட்ட நிர்வாகத்துக்கே போய்விட்டதாம். தோட்டத் துண்டாடல் காலத்தில் தன் அப்பா 10 வெள்ளி கட்டிப் பங்கு வாங்கிய கதையையும் சொன்னார். 1960இல் இதே ஊர்க்காரரான அன்றைய அமைச்சர் துன் வீ.தி.சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத்தான் சொல்கிறார். தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றதில் வேலையோடு வீடும் போய் நின்ற மக்கள், காசு சேர்த்துத் தாங்களே தோட்டம் வாங்கியது அப்போதுதான். வண்டிகளைப் பார்க்கப் போன எனக்கு அந்த அரை மணி நேரம்தான் மனதில் நிற்கிறது. பாட்டி உள்ளே ஏறி அடுப்பைத் தொட்டுப் பார்த்தார், படுக்கையில் உட்கார்ந்தார், மழை வந்தால் ஒழுகாதா என்று கேட்டார். பேத்திக்கு இறங்கவே மனமில்லை.

அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் பேச்சு வண்டியின் ஆவணங்களுக்கு வந்தது. வேனுக்குள் கட்டிலும் அடுப்பும் பொருத்திவிட்டுச் சும்மா ஓட்ட முடியாது, ஜேபிஜே எனும் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி வேண்டும், புஸ்பாகோம் போன்ற வாகனச் சோதனை நிலையத்தில் சோதனையும் வேண்டும். டி வகை லைசென்ஸ் (சாதாரணக் கார் லைசென்ஸ்) வைத்திருப்பவர்கள் வண்டியின் வெற்று எடை 3,500 கிலோவுக்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஹையேஸுக்குக் கவலையில்லை, கோஸ்டர் பக்கம் போகிறவர்கள் கேட்டே ஆக வேண்டிய கேள்வி இது. இதையெல்லாம் கேட்டபின், மாற்றிக் கட்டிய வேன் ஒன்றுக்கு முன்பணம் கட்டத் துடித்துக்கொண்டிருந்த எங்கள் இன்னொரு நண்பர், முதலில் கிராண்ட்டையும் (வண்டிப் பதிவுப் பத்திரம்) அனுமதிக் கடிதத்தையும் அனுப்புங்கள் என்று விற்பவரிடம் கேட்டிருக்கிறார். இன்னும் வரவில்லை, வரும்வரை ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதே என்று நாங்களும் சொல்லியிருக்கிறோம்.