யூசர்மாட் மைனஸ் எல் போட்டால் கணக்கு பூட்டிக்கொள்ளுமா?

ஷெல்_சுந்தரம்:
நேற்று ஒரு வீடியோ கண்ணில் பட்டது. வேலையை விட்டுப் போனவரின் லினக்ஸ் கணக்குக்கு யூசர்மாட் என்ற கட்டளையில் மைனஸ் எல், அதாவது பெரிய எல், போட்டால் போதும், மொத்தமாகப் பூட்டிக்கொள்ளும் என்று ஒருவர் சொல்லிக்கொடுக்கிறார். கீழே வரிசையாக நன்றி வேறு. எரிச்சல் தாங்கவில்லை. அந்தக் கட்டளை செய்வது ஒரே ஒரு வேலை. பாஸ்வேர்டு விவரம் இருக்கும் ஷேடோ ஃபைலில் அந்த ஆளின் ஹாஷுக்கு, அதாவது பாஸ்வேர்டின் உருமாற்றிய வடிவத்துக்கு, முன்னால் ஓர் ஆச்சரியக்குறி போடும். பாஸ்வேர்டு பொருந்தாமல் போகும், அவ்வளவுதான். ஹோம் டைரக்டரியில் பாஸ்வேர்டு இல்லாமல் தொலைவிலிருந்து நுழைய உதவும் அவருடைய எஸ்எஸ்ஹெச் கீ அப்படியே கிடக்கும். வீட்டிலிருந்தபடியே உள்ளே வருவார். முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்துபோட்ட கதை. கணக்கையே முடக்க யூசர்மாட் மைனஸ் மைனஸ் எக்ஸ்பயர்டேட் 1 என்று கொடுங்கள். காலாவதித் தேதி 1970 ஜனவரி 2 ஆகிவிடும். கீ இருந்தாலும் நுழைய முடியாது.

கன்டெய்னர்_கார்த்தி:
அண்ணா, வீடியோக்காரர் சொன்னது சரிதான். இப்போதே அல்பைன் என்ற குட்டி லினக்ஸில் ஒரு கன்டெய்னரை, அதாவது தனித்து ஓடும் சோதனைப் பெட்டியை, எழுப்பிப் பார்த்தேன். யூசரைப் பூட்டினேன், கீயோடு நுழைந்தேன், வெளியே தள்ளிவிட்டது. கணக்கு பூட்டப்பட்டிருப்பதால் அனுமதி இல்லை என்று லாகில் பளிச்சென்று வருகிறது. ஓட்டிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். போன மாதம் சூடோ கட்டளை பற்றிய இழையிலும் இப்படித்தான் அடித்துப் பேசினீர்கள், கடைசிவரை ஒரு அவுட்புட்கூட ஒட்டவில்லை.

ஷெல்_சுந்தரம்:
தம்பி, சூடோ இழையை இழுக்காதே. அங்கே நான் சொன்னதை நீ முழுசாகப் படிக்கவே இல்லை. இங்கே விஷயம் ஒன்றுதான். மைனஸ் எல் கணக்கைப் பூட்டாது. யூசர்மாட் மேன் பக்கத்திலேயே, அதாவது கூடவே வரும் கையேட்டிலேயே, இருக்கிறது: பாஸ்வேர்டு வழியை மட்டும் இல்லாமல் கணக்கையே பூட்ட வேண்டுமானால் காலாவதித் தேதியையும் 1 ஆக்கு என்று. எழுதியவர்களுக்குத் தெரியாததா உன் கன்டெய்னருக்குத் தெரிந்துவிட்டது?

கன்டெய்னர்_கார்த்தி:
மேன் பக்கம் என்ன வேதமா? என் கண் முன்னால் தள்ளிவிட்டது. பூட்டும்.

மௌன_வாசகன்:
நீங்கள் இருவரும் ஒரே மெஷினைச் சோதிக்கவில்லை என்று நினைக்கிறேன். எஸ்எஸ்ஹெச் இணைப்பை ஏற்கும் எஸ்எஸ்ஹெச்டி புரோகிராமின் கான்ஃபிகில் யூஸ்பேம், அதாவது லாகினைச் சரிபார்க்கும் பேம் அமைப்பைப் பயன்படுத்தும் தேர்வு, எஸ்ஸா, நோவா? உபுண்டு, ரெட் ஹாட் ஆகிய லினக்ஸ் இரண்டிலும் எஸ் என்றே வரும். அப்போது எஸ்எஸ்ஹெச்டி ஆச்சரியக்குறியைப் பார்ப்பதில்லை, பேமிடம் விட்டுவிடும். கீயோடு வருகிறவருக்குப் பேமும் அந்தக் குறியைக் கண்டுகொள்ளாது. அல்பைனில் வழக்கமாக வரும் எஸ்எஸ்ஹெச் மென்பொருளான ஓபன்எஸ்எஸ்ஹெச் பேம் இல்லாமல் கட்டியது. அங்கே எஸ்எஸ்ஹெச்டி தானே ஷேடோவைத் திறந்து பார்த்துத் தள்ளிவிடும்.

ஷெல்_சுந்தரம்:
யாராவது புரொடக்ஷனில் அல்பைனில் மனிதர்களுக்கு லாகின் கொடுப்பார்களா? தம்பி, ஒரு உபுண்டு மெஷினில் ஓட்டிப் பார்த்துவிட்டு வா. பூட்டாது.

கன்டெய்னர்_கார்த்தி:
எங்கள் கம்பெனியில் உள் சர்வர்களுக்குப் போகும் நுழைவாயிலான ஜம்ப் ஹோஸ்டே அல்பைன்தான். நீங்கள் பார்க்காத உலகம் இல்லை என்று ஆகிவிடாது அண்ணா. பூட்டும்.

ஆடிட்_அனு:
இந்தச் சண்டைக்கு நடுவே முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். கணக்கைப் பூட்டுவது அப்புறம். உங்களில் எத்தனை பேர் 90 நாளுக்கு ஒருமுறை பாஸ்வேர்டை மாற்றவைக்கிறீர்கள்? கணக்குகளுக்கான பொது அமைப்பு ஃபைலான லாகின் டெஃப்ஸில் பாஸ் மேக்ஸ் டேஸை, அதாவது பாஸ்வேர்டின் அதிகபட்ச நாளை, 90 ஆக்கிவிட்டு முடிந்தது என்கிறார்கள். அது இனிமேல் உருவாகும் யூசர்களுக்கு மட்டும். பழைய யூசர் மேல் பாஸ்வேர்டு கெடுவைக் காட்டும் சேஜ் மைனஸ் சின்ன எல் போட்டுப் பாருங்கள், 99999 என்று நிற்கும். ஒவ்வொருவருக்கும் சேஜ் மைனஸ் பெரிய எம் 90 போட்டாக வேண்டும். ஆடிட்டில் மாட்டுவது இங்கேதான்.

ஷெல்_சுந்தரம்:
அனு மேடம், லாகின் டெஃப்ஸ் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் 90 நாள் கணக்கு எந்தக் காலத்துது? அமெரிக்காவின் தரநிர்ணய அமைப்பான நிஸ்ட் 2017லேயே காரணமில்லாமல் மாற்றச் சொல்லாதே, கசிந்தது தெரிந்தால் மாற்றச் சொல் என்று எழுதிவிட்டது. 2019இல் மைக்ரோசாஃப்ட்டும் விண்டோஸ் பாதுகாப்புப் பரிந்துரையான பேஸ்லைனிலிருந்து பாஸ்வேர்டு காலாவதியை எடுத்துவிட்டது. வட கரோலினா பல்கலைக்கழக ஆய்வு 2010இல் வந்தது. பழைய பாஸ்வேர்டு கையில் இருந்தால் 41 சதவீதக் கணக்குகளின் புதிய பாஸ்வேர்டை ஆஃப்லைனில் சில நொடிகளில் உடைக்க முடிந்தது. மக்கள் கடைசி எண்ணை 1லிருந்து 2 ஆக்குவார்கள், வேறென்ன செய்வார்கள்? போதாக்குறைக்கு, புரோகிராம்கள் ஓடுவதற்கான சர்வீஸ் கணக்குக்கும் 90 போட்டுவிடுகிறார்கள். ஒருநாள் ராத்திரி பேக்கப் கிரான், அதாவது நேரம் குறித்துத் தானாக ஓடும் வேலை, நின்றுபோகும். பாஸ்வேர்டு காலாவதி என்று லாகில் ஒரு வரி விழும், யாரும் பார்க்க மாட்டார்கள். ரீஸ்டோர் கேட்கும்போதுதான் தெரியும்.

ஆடிட்_அனு:
நிஸ்ட் எங்களுக்குச் சம்பளம் தரவில்லை. கார்டு தரவு தொடும் சர்வருக்கு பிசிஐ என்ற கார்டுத் துறைப் பாதுகாப்பு விதி இருக்கிறது. பாஸ்வேர்டு ஒன்றுதான் ஃபாக்டர், அதாவது அடையாளச் சான்று, என்றால் 90 நாள்.

ஷெல்_சுந்தரம்:
அந்த விதியின் மறுபாதியை ஏன் விழுங்குகிறீர்கள்? கணக்கின் பாதுகாப்பு நிலையை விடாமல் கண்காணித்து அதற்கேற்ப அணுகலை முடிவுசெய்தால் 90 வேண்டாம் என்று பிசிஐ 4.0 பதிப்பிலேயே இருக்கிறது. ஆடிட்டர்கள் அதைப் படித்துக் காட்டுவதே இல்லை.

விண்டோஸ்_வேலன்:
இதற்குத்தான் விண்டோஸ். நெட் யூசர், பெயர், ஆக்டிவ் நோ. ஒரே வரி, விவாதமே இல்லை.

ஷெல்_சுந்தரம்:
டொமைனில், அதாவது கம்பெனியின் விண்டோஸ் நெட்வொர்க்கில், ஏற்கெனவே கைக்குப் போன கெர்பரோஸ் சர்வீஸ் டிக்கெட், அதாவது நுழைவுச் சீட்டு, இயல்பாக 10 மணி நேரம் உயிரோடு இருக்கும். ஒரே வரி என்று இங்கே வந்து சொல்லாதீர்கள்.

விண்டோஸ்_வேலன்:
கேள்வி கேட்டால் பாடம் எடுக்கிறீர்கள். மூன்று பக்கமாக நீங்கள் மட்டும்தான் பேசுகிறீர்கள்.

மௌன_வாசகன்:
யூஸ்பேம் என்ன என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

கன்டெய்னர்_கார்த்தி:
சரி அண்ணா, உங்கள் வழிக்கே வருகிறேன். எக்ஸ்பயர்டேட் 1 போட்டால் அந்த ஆள் பெயரில் ஓடும் கிரானும் செத்துப்போகுமே? எங்கள் டீமில் பழைய டெவலப்பர் பெயரில் இன்னும் ரிப்போர்ட் ஓடுகிறது. மைனஸ் எல் போட்டோம், ரிப்போர்ட்டும் வருகிறது, அவரும் நுழைய முடியவில்லை. எது புத்திசாலித்தனம்?

ஷெல்_சுந்தரம்:
போய்விட்டவர் பெயரில் ரிப்போர்ட் ஓடுவதைப் பெருமையாக வேறு சொல்கிறாயா! யூசர்ஆட் மைனஸ் சின்ன ஆர் போட்டு ஒரு சிஸ்டம் கணக்கு உருவாக்கி அதன் பெயரில் ஓட்டு. அப்புறம் இந்த ஆளைக் காலாவதியாக்கு. ஏற்கெனவே திறந்திருக்கும் செஷன் அதோடு சாகாது, அவர் பெயரில் ஓடுவதை நிறுத்தும் பீகில் மைனஸ் யூ போட்டு வெட்டு. டெப்ளாய் மாதிரிப் பொதுக் கணக்குகளில் அவர் கீ ஒட்டியிருக்கிறதா என்று தேடு. கட்டளைத் திரையான ஷெல்லை, நுழைய விடாத நோலாகின் ஆக்கினால் போதும் என்று அடுத்து ஆரம்பிக்காதே, எஸ்எஸ்ஹெச் மைனஸ் பெரிய என் போட்டுப் போர்ட் ஃபார்வர்ட் செய்துகொண்டு, அதாவது அந்த இணைப்பு வழியே உள்ளே திருப்பிவிட்டு, உள் நெட்வொர்க்கில் உலாவலாம். இத்தனை வேலை இருக்கும்போது ஒரு ஆச்சரியக்குறியை நம்பிக்கொண்டிருக்கிறாய். பூட்டாது.

கன்டெய்னர்_கார்த்தி:
நோலாகின் பற்றி நான் வாயே திறக்கவில்லை. சூடோ இழையிலும் இதேதான், சொல்லாததைச் சொன்னதாக்கி அதற்குப் பதில் எழுதுவீர்கள். என் லாக் இங்கேதான் இருக்கிறது, பூட்டியது. உங்கள் அவுட்புட் எங்கே?

ஆடிட்_அனு:
சர்வீஸ் கணக்குக்கு விதிவிலக்கு கேட்டு எழுதிக் கொடுத்தால் நாங்கள் மறுத்ததே இல்லை. யாரும் எழுதிக் கொடுப்பதில்லை, அதுதான் பிரச்சினை.

ஷெல்_சுந்தரம்:
எழுதிக் கொடுத்தவன் நான் மேடம், ஒரு காலாண்டு முழுக்கப் பதிலே வரவில்லை. கார்த்தி, உபுண்டுவில் ஓட்டினாயா இல்லையா, அதைச் சொல் முதலில்.