கோட்டை இறுதியாட்டம்: கறுப்பு எங்கே விட்டது?

நிலாவெளிக்காரன்:
திருகோணமலையில் நடந்த கழகச் சதுரங்கப் போட்டி ஆட்டம். 90 நிமிடம், நகர்வுக்கு 30 விநாடி கூடுதல். வெள்ளை அரசன் டி5, காலாள் ஈ5, கோட்டை ஏ7. கறுப்பு அரசன் ஈ8, கோட்டை பி6. கறுப்பின் முறை. கோட்டையைப் பி1க்கு இறக்கினார். வெள்ளை அரசன் ஈ6க்கு ஏறியது. கறுப்பு அரசன் டி8, கோட்டை ஏ8 செக், அரசன் சி7, கோட்டை ஈ8. அதோடு ஆட்டம் போனது. ஒரு காலாள் குறைந்தால் தோல்விதான் என்கிறார்கள். அப்படியா?

உவர்மலை வாசி:
இல்லை, இது சுத்தமான சமநிலை. பிரெஞ்சு ஆட்டக்காரர் பிலிடோர் 1777இலேயே காட்டிய நிலை. பி6இல் நின்ற கோட்டைதான் வெள்ளை அரசனை ஆறாம் வரிசைக்கு விடாமல் மறித்தது. அதைத் தானே எடுத்துக்கொடுத்துவிட்டார். செய்ய வேண்டியது வரிசையை விடாமல் சும்மா நகர்த்துவது: ஜி6, எச்6, திரும்பப் பி6. மற்றக் கட்டங்களில் வைக்காதீர்கள். ஏ6ஐக் கோட்டை வெட்டும், சி6ஐயும் ஈ6ஐயும் அரசன், டி6ஐயும் எஃப்6ஐயும் காலாள்.

வெள்ளை பொறுமையிழந்து காலாளை ஈ6க்குத் தள்ளினால் அப்போதுதான் கோட்டையைப் பி1க்கு இறக்கவேண்டும். அரசன் டி6க்கு வந்ததும் டி1இல் செக். காலாள் முன்னேறிவிட்டதால் ஈ6இல் ஒளிய இடமில்லை. பின்னாலிருந்து செக் ஓயாது. நகர்வு சரி, நேரம்தான் பிழை.

கறுப்புக் குதிரை:
உவர்மலை வாசி சொன்னதோடு ஒன்று. வெள்ளை அரசன் ஈ6க்கு வந்தபின் ஏ8இல் கோட்டையால் மேட் மிரட்டல் இருக்கும், கறுப்பு அரசன் நகரத்தான் வேண்டும். டி8 அல்ல, எஃப்8. ஈ காலாளுக்கு ராஜா பக்கம் குறுகியது, எஃப், ஜி, எச் மூன்றே நிரல் (மேல்கீழ்ப் பத்தி). அங்கே கறுப்பு அரசன் போனால் மறுபக்கம் கோட்டைக்குத் தூரம் கிடைக்கும். டி8க்குப் போனால் எச் நிரலிலிருந்துதான் செக் கொடுக்கமுடியும். வெள்ளை அரசன் இரண்டு எட்டில் கோட்டையை நெருங்கிவிடும்.

நடுவர் பக்கம்:
ஒரு வார்த்தை. 30 விநாடி கூடுதல் இருந்தால் கடைசி ஐந்து நிமிடத்திலும் நகர்வுகளைக் குறித்தே ஆகவேண்டும். அந்தத் தாள் இருந்தால்தான் ஒரே நிலை மூன்றாம் தடவை வருவதையோ வெட்டோ காலாள் நகர்வோ இல்லாத 50 நகர்வையோ காட்டிச் சமநிலை கோரலாம். கோரும்போது நகர்வைத் தாளில் எழுதுங்கள், பலகையில் வைக்காதீர்கள். கடிகாரத்தை நிறுத்தி நடுவரைக் கூப்பிடுங்கள். கோரிக்கை பிழையென்றால் எதிராளிக்கு இரண்டு நிமிடம் கூடும், எழுதிய நகர்வையும் வைத்தே ஆகவேண்டும்.