இறுகிப்போன போல்ட்: வீட்டிலேயே கழற்றிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

மீனாட்சிபுரம், நெல்லை:

2023 டிசம்பர் வெள்ளத்தில் என் பைக் இரண்டு நாள் தண்ணீருக்குள் நின்றது. வடிந்ததும் ஸ்டார்ட் பண்ணாமல் முதலில் ஆயிலை இறக்க வேண்டும் என்பது தெரியும். எந்தப் பட்டறையிலும் இடமில்லை, வாசல் வரைக்கும் சேற்று வண்டிகள். சரி, ஒரு போல்ட்டுதானே என்று வீட்டு வாசலில் உட்கார்ந்தேன். 17 ரிங் ஸ்பேனர். அசையவில்லை. ஸ்பேனரில் பைப்பைச் செருகி, மேலிருந்து கையை விட்டு அழுத்தினேன். கொஞ்சம் நகர்ந்தது. இன்னும் அழுத்தினேன்.

பக்கத்து வீட்டு அண்ணாச்சி பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர். வீட்டுக்குள் சேறு அள்ளிக்கொண்டிருந்தவர், மண்வெட்டியைச் சாத்திவிட்டு வந்து குனிந்து பார்த்தார். "எய்யா, நீ கழத்தலியே, முறுக்கிக்கிட்டுல்லா இருக்க!"

ஆயில் போல்ட்டின் தலை தரையைப் பார்த்து இருக்கிறது. கீழே படுத்து அதன் முகத்தைப் பார்த்தால் இடப்பக்கம் சுற்றக் கழலும். மேலிருந்து பார்த்தால் அதே சுற்று வலப்பக்கமாகத் தெரியும். முக்கால் மணி நேரம் நான் இறுக்கியிருக்கிறேன்.

அவர் போல்ட் தலையில் சுத்தியலால் நாலு தட்டு தட்டி, ஸ்பேனரில் ஒரு சொடுக்கு கொடுத்தார். வந்துவிட்டது. ஆயில் பால் காப்பி நிறத்தில் கொட்டியது. தண்ணீர் கலந்தால் அப்படித்தான் இருக்கும், அது பெரிதில்லை. போல்ட்டைத் துடைத்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. மரை முழுக்க வெள்ளி நிறச் சுருள் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. என்ஜினின் அலுமினிய மரை. இன்றைக்கும் ஸ்பேனரைக் கையில் எடுத்தால் அந்தச் சுருள்தான் கண்ணுக்குள் வருகிறது.

உவரி:

வள்ளத்து மோட்டாரில் இம்பெல்லர் (மோட்டார் சூடாகாமல் தண்ணீரை இழுத்துவிடும் சின்னச் சக்கரம்) மாற்ற அடிப்பகுதியை இறக்க வேண்டியிருந்தது. மற்ற போல்ட் எல்லாம் வந்தது, ஒன்று மட்டும் வரவில்லை. கடற்கரையில் இருப்பவர்களுக்கு அந்த வெள்ளைப் பொடி தெரியும். அலுமினியத்தில் இரும்பு போல்ட் உட்கார்ந்து நடுவில் உப்புத் தண்ணீரும் போனால், இரண்டும் ஒன்றையொன்று விடாது.

மூன்று நாள் எண்ணெய் விட்டேன். மூன்றாம் நாள் சாயங்காலம் ஸ்பேனர் கால் சுற்று வந்தது. சத்தமே இல்லை, வெண்ணெயில் போவது மாதிரி. "இளகிட்டுல" என்று தம்பியிடம் சொல்லி முடிப்பதற்குள் தலை கையோடு வந்துவிட்டது. அது இளகவில்லை, கழுத்தில் முறுகியிருக்கிறது. அந்த மிருதுதான் என்னை ஏமாற்றியது. இப்போதெல்லாம் 'கிறீச்' என்று கத்தினால் நிம்மதியாக இருக்கிறது. கத்தாமல் வந்தால் அப்படியே நிறுத்திவிடுகிறேன்.

வள்ளியூர்:

என்ஜின் இல்லை, சைக்கிள். அப்பா இடது பெடலைக் கழற்ற முடியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்திருந்தார். இடது பெடலுக்கு எதிர் மரை, வலப்பக்கம் சுற்றினால்தான் கழலும் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. சாயங்காலம் அவர் உள்ளங்கையைப் பார்த்தேன்.

பேட்டை:

எனக்குப் பெரிய கதை இல்லை. கடைசல் பட்டறையில் இருந்தபோது தலை போன போல்ட்டோடு தினமும் யாராவது வருவார்கள், முகத்தைப் பார்த்தாலே தெரியும். அதனால் சொல்கிறேன்.

மீனாட்சிபுரத்துத் தம்பி, நீங்கள் திசையை நினைத்தே வருத்தப்படுகிறீர்கள். மரையைத் தின்றது பைப். கைப்பிடி மூன்று மடங்கு நீண்டால் போல்ட்டில் விழும் முறுக்கும் மூன்று மடங்கு. பைப் இல்லாமல் வெறும் ஸ்பேனரால் அதே தவறைச் செய்திருந்தால் அலுமினியம் அநேகமாகத் தாங்கியிருக்கும். துருவை உடைப்பது அதிர்ச்சி. அண்ணாச்சி தலையில் தட்டினாரே, அதுதான் வேலையில் பாதி.

முதலில் கம்பி பிரஷ்ஷால் மரையோரத்தைச் சுத்தம் செய்யுங்கள். துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி விடுங்கள், நடுநடுவே தட்டிக்கொடுங்கள். வாய் திறந்த ஸ்பேனரைத் தொடவே வேண்டாம், அது இரண்டு முனையில்தான் பிடிக்கும், தலை மழுங்கும். ஆறு பட்டை சாக்கெட் போடுங்கள். பன்னிரண்டு பட்டை சாக்கெட் நல்ல தலைக்குச் சரி, தேய்ந்த தலைக்கு ஆகாது. கழற்றுவதற்கு முன்னால் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை அசைத்துப் பாருங்கள், துருவின் பிடி விடும். கால் சுற்று வந்தால் அரைக்கால் சுற்று திருப்பி உள்ளே விட்டு எண்ணெய் விட்டு மறுபடி. அவசரமே கூடாது.

அப்புறம் சூடு. ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அதனால் போல்ட்டைச் சுடாதீர்கள், அதைச் சுற்றியுள்ள அலுமினியத்தைச் சுடுங்கள். டேங்கைக் கழற்றித் தள்ளி வைக்காமல் தீயைக் கொண்டுவராதீர்கள். எண்ணெய் விட்ட இடத்தையும் முதலில் துடைத்துவிடுங்கள். ஸ்பார்க் பிளக் மட்டும் இதற்கு விலக்கு. அலுமினிய ஹெட்டில் என்ஜின் ஆறிய பிறகுதான் பிளக்கில் கை வைக்க வேண்டும், சூட்டோடு கழற்றினால் மரை போகும்.

உவரிக்காரர் ஒடிந்த துண்டின் மேல் நட்டு வைத்து வெல்டிங் பண்ணியிருக்கலாம். ஏன் பண்ணவில்லை?

அம்பாசமுத்திரம்:

பேட்டை அண்ணாச்சி இவ்வளவு எழுதியும் மெழுகுவர்த்தியைச் சொல்லவில்லையே. ஜூன் வந்தும் பாபநாசம் அணையில் கார் சாகுபடிக்குத் தண்ணீர் விடாத ஒரு வருடம், டீசல் பம்புசெட்டை நம்பித்தான் எங்கள் நாற்று இருந்தது. சைலன்சர் நட்டு இரண்டும் துருவேறி அசையவில்லை. அப்பா புளோ லேம்ப்பால் நட்டைச் சுட்டார். லேம்ப்பை அணைத்துத் தள்ளி வைத்துவிட்டு என்னிடம், "ஏட்டி, மெழுகுதிரிய எடு" என்றார். சூடான மரையில் திரியை வைத்ததும் மெழுகு உருகி, தண்ணீர் மண்ணுக்குள் இறங்குவது மாதிரி உள்ளே இழுத்துக்கொண்டது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கொஞ்சம் ஆறியதும் நட்டு சாதாரணமாகச் சுற்றிக்கொண்டு வந்தது. இரும்பில் இரும்பு பிடித்த இடத்துக்கு இதைவிட நல்ல வழியை நான் இதுவரை பார்க்கவில்லை.

உவரி:

பேட்டை அண்ணாச்சி, பண்ணினோம். முதல் நட்டு ஒட்டவில்லை, இரண்டாவது ஒட்டியது. வெல்டிங் சூட்டிலேயே துண்டு இளகிவிட்டது, ஆறியதும் கையால் சுற்றியே எடுத்தோம். ஆனால் அன்றைக்குத் தொழிலுக்குப் போகவில்லை, மறுநாளும் போகவில்லை. அதை எழுதத் தோன்றவில்லை.

மீனாட்சிபுரம், நெல்லை:

பைப்பைப் பற்றிச் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். பட்டறையில் ஒரு சைஸ் பெரிதாக மரையடித்து வேறு போல்ட் போட்டார்கள், இதுவரை ஒழுகவில்லை. என்ஜின் பக்கவாட்டில், மேலிருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில், கழற்றும் திசைக்கு வெள்ளைப் பெயிண்ட்டால் அம்புக்குறி போட்டு வைத்திருக்கிறேன்.