ஈமாக்ஸை மெக்ஸிமைஸ் பண்ணினா கீழேயும் வலப்பக்கமும் இடைவெளி விழுது (குபுண்டு 22.04 லினக்ஸ்)

ஹட்டன் மாஸ்டர்:
வணக்கம். ஹட்டன்ல சின்னதா ஐசிடி டியூஷன் வச்சிருக்கேன். பழைய லெப்டொப், ஸ்கிரீன் 1366க்கு 768. பைதன் சொல்லிக் குடுக்கிறது ஈமாக்ஸ்ங்கிற எடிட்டர்ல, கெம்பஸ் காலத்துப் பழக்கம், விட முடியல.

மெக்ஸிமைஸ் பட்டனை அழுத்தினா ஸ்கிரீன் நிறையிறதில்ல. கீழே விரல் அகலத்துக்கும் வலப்பக்கம் அதுல பாதிக்கும் வோல்பேப்பர் தெரியுது. வோல்பேப்பர் தேயிலை மலை. ப்ரொஜெக்டர்ல போட்டா பிள்ளைகள் "சேர், கொழுந்து தெரியுது"ன்னு சிரிக்கிறாங்க. அது பரவாயில்ல. ஸ்க்ரோல்பாரைப் பிடிக்க மவுஸை வலது ஓரத்துக்குத் தள்ளி கிளிக் பண்ணினா, பின்னால திறந்திருக்கிற பயர்பொக்ஸ் முன்னுக்கு வந்து நிக்குது. பாடத்துக்கு நடுவுல ஒரு நாளைக்குப் பத்துத் தடவை. பின் வாங்குல இருக்கிற பிள்ளைகளுக்குத் தெரியணும்னு டிஃபோல்ட் ஃபொண்டைப் பெருசாக்கினேன், இடைவெளியும் பெருத்துப் போச்சு.

பண்டாரவளை லினக்ஸ்:
கிராபிக்ஸ் டிரைவர் பிரச்சினை மாதிரி இருக்கு சேர். அப்டேட் பண்ணிப் பாருங்க.

ஹட்டன் மாஸ்டர்:
பண்ணிட்டேன் தம்பி, மாற்றமில்ல. கேட் எடிட்டர், பயர்பொக்ஸ் ரெண்டும் ஒழுங்கா நிறையுது. ஈமாக்ஸ் மட்டுந்தான் மக்கர்.

பதுளைக்காரன்:
டிரைவரை விடுங்க மாஸ்டர். விண்டோவைச் சின்னதாக்கி, மூலையைப் பிடிச்சு மெதுவா இழுத்துப் பாருங்க. வழுக்கிட்டு வருதா, தத்தித் தத்தி வருதா?

ஹட்டன் மாஸ்டர்:
தத்துது! லயத்துப் படிக்கட்டு இறங்குற மாதிரி.

பதுளைக்காரன்:
அதுதான் விஷயம். ஈமாக்ஸ் தன் அளவை எழுத்துக் கணக்குல வச்சிருக்கு: இத்தனை வரி, இத்தனை எழுத்து. 'ஒரு எழுத்து அளவுக்குத்தான் கூட்டணும், குறைக்கணும்'னு விண்டோக்களோட அளவையும் இடத்தையும் பார்த்துக்கிற விண்டோ மனேஜருக்கும் சொல்லி வைக்குது. மெக்ஸிமைஸ் பண்ணும்போதும் குபுண்டுவோட விண்டோ மனேஜரான கேவின் அந்தச் சொல்லை மதிக்குது. பேச்சுக்கு, எழுதுற இடத்துக்கு 700 பிக்சல் இருக்குன்னு வைங்க. எழுத்து உயரம் 16ன்னா 43 வரி, 688 போக மீதி 12. எழுத்தை 34 ஆக்கினா 20 வரி, 680 போக மீதி 20. அந்த மீதிதான் உங்க கொழுந்து.

மெனுவுல ஆப்ஷன்ஸ், கஸ்டமைஸ் ஈமாக்ஸ், ஸ்பெசிஃபிக் ஆப்ஷன். பெயர் கேட்கும்: ஃபிரேம், ரீசைஸ், பிக்சல்வைஸ், மூணையும் நடுவுல சின்னக் கோடு போட்டுச் சேர்த்து எழுதுங்க. டொகிள் அழுத்தி, அப்ளை அண்ட் சேவ். அப்ளை மட்டும் அழுத்தினா அடுத்த தடவை திறக்கும்போது பழைய கதைதான். இந்த வசதி 2014ல வந்த 24.4 பதிப்பிலிருந்து இருக்கு.

கொட்டகலை அக்கா:
ஈமாக்ஸைத் தொடாமலும் செய்யலாம். டைட்டில்பார்ல ரைட் கிளிக், மோர் ஆக்ஷன்ஸ், ஸ்பெஷல் விண்டோ செட்டிங்ஸ். அங்க 'ஒபே ஜியோமெட்ரி ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்' சேர்த்து, ஃபோர்ஸ், நோ. எக்ஸ்டேர்ம் டெர்மினல்லயும் இதே தொல்லை, அதுக்கும் நான் இப்படித்தான் செஞ்சேன். ஆனா குபுண்டுவோட டெஸ்க்டொப்பான கேடிஈயை விட்டு வேற டெஸ்க்டொப்புக்குப் போனா இந்த ரூல் கூட வராது. அதனால பதுளை அண்ணன் சொன்னதையே முதல்ல செய்ங்க.

ஹட்டன் மாஸ்டர்:
அண்ணன் சொன்னதைச் செஞ்சேன், ஓரம் வரைக்கும் நிறைஞ்சிட்டுது. ஸ்க்ரோல்பாரும் கையில சிக்குது. இன்னொரு சின்னக் கேள்வி: திறக்கும்போதே பெருசா வரவைக்க முடியுமா? ஒவ்வொரு தடவையும் ஆல்ட், எஃப்10 அழுத்த வேண்டியிருக்கு.

பதுளைக்காரன்:
ஐகனுடைய ப்ரொப்பர்ட்டிஸ்ல கட்டளை வரியைத் திறங்க. ஈமாக்ஸ் பெயருக்குப் பிறகு ஒரு இடம் விட்டு, ஒரு மைனஸ், அதோட ஒட்டி ரெண்டு சின்ன 'எம்'.

ஹட்டன் மாஸ்டர்:
வந்துட்டுது. நன்றி அண்ணே, அக்காவுக்கும். பிள்ளைகள்தான் கொழுந்து எங்கன்னு கேட்கிறாங்க.