மதினிக்கு அந்தரா கருத்தடை ஊசி: சிறைக்குள்ள போட யார்கிட்ட மனு கொடுக்கணும்?

அக்காமாரே, அண்ணன்மாரே, என் மதினி மூணு வாரமா ரிமாண்டுல இருக்காங்க. வழக்கு பத்தி இங்க வேண்டாம், அதுக்கு வக்கீல் இருக்கார். இது வேற விஷயம்.

ரெண்டாவது பிரசவம் ஆபரேஷன். அதுக்கப்புறம் உசிலம்பட்டிப் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்துல அந்தரா ஊசி போட்டுக்கிறாங்க. மூணு மாசத்துக்கு ஒண்ணு, அரசாங்கம் இலவசமாப் போடுறது. அட்டை என் கையில இருக்கு, ஓரமெல்லாம் மஞ்சக்கறை. அடுத்த தேதி போன வியாழனோட போச்சு. தாண்டினாலும் 4 வாரத்துக்குள்ள போட்டுக்கலாம்னு நர்ஸம்மா சொன்னாங்க. ஜாமீன் எப்ப வேணா கிடைக்கும். வெளிய வந்தா அண்ணன்கூடத்தான இருக்கப் போறாங்க?

சிறைக்கு மதினியைப் பார்க்கப் போனப்ப அங்க டூட்டியில இருந்தவங்ககிட்ட கேட்டேன். "உள்ள இருக்கிறவளுக்கு எதுக்கும்மா இது?"ன்னு ஒரு சிரிப்பு. கம்பிக்கு அந்தப் பக்கம் மதினி தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. எனக்கு அதுதான் தாங்கல.

பெண்களுக்கும் காவல்ல இருக்கிறவங்களுக்கும் 1987 சட்டப்படி சட்ட உதவி இலவசம்னு தெரியும். நேரா மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகவா, இல்ல சிறை டாக்டருக்கு எழுதவா? பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்னா கோர்ட் உத்தரவு வேணுமா? அட்டை நகல் போதுமா? யாராவது இப்படி வாங்கிக் கொடுத்திருந்தா, மனு எப்படி எழுதினீங்கன்னு சொல்லுங்க. இங்க சொல்லக் கூச்சமா இருந்தா இன்பாக்ஸ் வாங்க.