புதுப்பிப்பு: பிக்கப் வண்டியின் ரேடியோ ஆண்டெனா இரைச்சல் தீர்ந்தது

முன் மட்கார்டில் இருந்த ஆண்டெனாவை நானே கேபின் கூரைக்கு மாற்றியதும் எஃப்.எம். இரைகிறது என்று கேட்டிருந்தேன். சரியாகிவிட்டது, உதவிய எல்லாருக்கும் நன்றி.

எர்த்தை, அதாவது ஆண்டெனாவுக்கும் வண்டியின் பாடிக்கும் உள்ள மின் தொடர்பைப் பார்க்கச் சொன்னவர் சொன்னதுதான் சரி: துளையைச் சுற்றி உள்பக்கம் பெயிண்ட் இருந்ததால் ஆண்டெனாவின் அடிப்பாகம் தகரத்தைத் தொடவே இல்லை. அந்த விளிம்பை மட்டும் சுரண்டி, பல் வாஷர் (தகரத்தைக் கவ்வும் பற்கள் உள்ள வளையம்) போட்டு இறுக்கி, மல்டிமீட்டரில் அடிப்பாகத்துக்கும் பாடிக்கும் இடையே பார்த்தேன், கிட்டத்தட்ட 0 ஓம், அதாவது தொடர்பு நன்றாக இருக்கிறது. எஃப்.எம். உடனே தெளிவானது.

எதிர்பாராதது ஏ.எம்.தான். இன்ஜின் ஓடும்போது ஒரு விசில், ஆக்சிலரேட்டரை மிதித்தால் சுருதி ஏறும். ஆண்டெனாவிலிருந்து ரேடியோவுக்குப் போகும் நீட்டிப்புக் கேபிளை பேட்டரி வயரோடு சேர்த்துக் கட்டியிருந்தேன், அதைப் பிரித்து கேபினின் எதிர்ப்பக்கத் தூண் வழியாகக் கொண்டுபோனதும் விசில் நின்றது. அப்புறம், துளை போட்ட வெளிவிளிம்பில் மறக்காமல் பிரைமர் அடியுங்கள், இல்லையென்றால் துரு பிடிக்கும். பழைய துளைக்கு ரப்பர் மூடியே போதும்.