'கேபிட்டுலேஷன்': சரணாகதியா, சலுகையா?

மொழிபெயர்ப்பாளர்:
அன்புள்ள குழுவினருக்கு, எகிப்து வரலாற்று நூல் ஒன்று வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல் தொண்டையில் நிற்கிறது. உதுமானியச் சுல்தான்கள் ஐரோப்பியருக்கு எழுதிக்கொடுத்த 'கேபிட்டுலேஷன்'. அதன்படி கெய்ரோவில் குற்றம் செய்த வெளிநாட்டவரை அவருடைய நாட்டுத் தூதரக மன்றமே விசாரித்தது. வல்லரசுகள் இசையாமல் அவர்மீது வரியும் போட முடியாது. 1937 மே 8 அன்று சுவிட்சர்லாந்தின் மோன்த்ரோ நகரில் கையெழுத்தான உடன்படிக்கை இதற்கு முடிவு கட்டியது. என்னிடமுள்ள அகராதி 'சரணாகதி' என்கிறது. சரணடைந்தது யார்?

புலவர்:
ஒருவருமில்லை. இலத்தீனில் 'கேப்பிட்டுலம்' என்றால் சிறு தலை. அதாவது அத்தியாயத் தலைப்பு. தலைப்புத் தலைப்பாகப் பிரித்து எழுதிய பத்திரம் என்பதால் அந்தப் பெயர். நமக்கும் தலையிலிருந்துதானே தலைப்பு! குறளின் 'அதிகாரம்' அத்தியாயத்தையும் ஆட்சியையும் ஒருங்கே குறிப்பதை எண்ணி மகிழ்க. என் பரிந்துரை: தலைப்பாவணம்.

ஆசிரியை:
ஐயா, என் வகுப்பில் தலைப்பா விற்கும் கடை என்பார்கள். பழந்தமிழில் ஆவணத்துக்குக் கடைவீதி என்ற பொருளும் உண்டே. 'அயலார் சட்டச்சலுகை' போதாதா?

புலவர்:
தலைப்பா என்றால் வகர உடம்படுமெய் பெற்றுத் 'தலைப்பாவாவணம்' ஆகியிருக்கும். இங்கே உகரம் கெட்டிருக்கிறது. மாணவர்களுக்குப் புணர்ச்சி சொல்லித்தாருங்கள் அம்மா.

கல்வெட்டு அன்பர்:
சொல் ஆயிரம் ஆண்டுகளாகக் காத்திருக்கிறது. கொச்சி யூதர் செப்பேட்டில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு அஞ்சுவண்ணம் என்ற வணிகக்குழு உரிமையோடு எழுபத்திரண்டு விடுபேறும், அதாவது சிறப்புரிமைகளும், கொடுக்கிறான். விடுபேறு!

ஆசிரியை:
'எகிப்து விடுபேற்றை ஒழித்தது' என்று எழுதினால் மோட்சத்தை மூடிவிட்டார்கள் என்று படிப்பார்கள். செப்பேட்டில் பல்லக்கும் குடையும் சுங்கவிலக்கும் இருக்கின்றன. கொலை செய்தவனை அவன் நாட்டு நீதிபதி விசாரிப்பதும் உண்டா?

வழக்கறிஞர்:
'சலுகை' எனக்கு உறுத்துகிறது. சலுகை என்றால் கொடுத்தவரே திரும்பப் பெறலாம். 1914 செப்டம்பரில் உதுமானிய அரசு அப்படித்தான் தானாகவே ரத்துச் செய்தது. வல்லரசுகள் கொதித்தன, ரகசியக் கூட்டாளியான ஜெர்மனியும் எதிர்க்காமல் விடவில்லை. இது இருதரப்பு ஒப்பந்தம், எங்கள் உரிமை என்றார்கள். 1923இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் நடந்த அமைதி மாநாட்டில் அதைக் கைவிடச் செய்யத் துருக்கியின் இஸ்மத் பாஷா மாதக்கணக்கில் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. நாம் எந்தச் சொல்லை எடுத்தாலும் மேசையின் ஒரு பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறோம். 'தனிமன்ற ஏற்பாடு' எனலாமே.

மொழிபெயர்ப்பாளர்:
அதில் வரிவிலக்கு அடங்காதே. நூல் கெய்ரோவிலிருந்து பார்க்கிறது. அந்தப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறேன். 'சட்டச்சலுகை' என்றே அனுப்புகிறேன். எகிப்திய நீதிபதிகளும் வெளிநாட்டு நீதிபதிகளும் சேர்ந்து அமர்ந்து, 1949 அக்டோபர் 14 வரை நீடித்தவை 'கலப்பு நீதிமன்றங்கள்'. அதைத் தயவுசெய்து யாரும் தொடவேண்டாம்.

கல்வெட்டு அன்பர்:
அடிக்குறிப்பிலாவது விடுபேறு?

புலவர்:
என் சொல்லை மறுத்தவர்கள் காரணம் சொல்லவில்லை, சிரித்தார்கள். இரண்டாம் பதிப்பு வரட்டும்.